தண்ணீருக்கு வழிவிடும் பாதை

வெள்ளி இரவு

நாளை விடியும் முன் கிளம்புகிறோம், நானும் தோழியும். காலையில் போய், மலைப் பாதைகளில் நாள் முழுக்க சைக்கிள் ஓட்டிவிட்டு, இரவுக்குள் வீடு திரும்பும் பயணம். போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்தது அவள்தான். அந்தப் பாதைகளைப் பராமரிக்கும் தன்னார்வலர்களோடு சேர்ந்து மண் வெட்டுகிறவள் அவள். வாரத் தொடக்கத்தில் அங்கே நல்ல மழை. மண் காய்ந்துவிட்டது என்று தகவல் வந்த பிறகுதான், "சரி, வண்டிய ரெடி பண்ணுடி" என்று போன் செய்தாள். ஈர மண்ணில் டயர் போனால் தடம் விழும். அடுத்த மழையில் அந்தத் தடமே வாய்க்கால் ஆகிவிடும். அதனால் மழை விட்ட மறுநாளே யார் கூப்பிட்டாலும் அவள் வரமாட்டாள்.

வண்டி வேலையில் முதலில் காற்று. சாலை சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு நம்பவே கஷ்டமாக இருக்கும், மலையில் டயர் கெட்டியாக இருக்கக் கூடாது. என்னுடையது 2.4 அங்குல அகல டியூப்லெஸ் டயர். முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் 25 வைத்திருக்கிறேன். என்னைவிடக் கனமானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். காற்று அளவாக இருந்தால் டயர் கல்லின் வடிவத்துக்கு நெளிந்து கொடுத்து அதைப் பற்றிக்கொள்ளும். அதிகமானால் கல்லில் பட்டு எகிறும். ரொம்பக் குறைத்தால் ரிம் போய்க் கல்லில் இடிக்கும். இரண்டு பிஎஸ்ஐ வித்தியாசம்கூட வளைவில் கைக்குத் தெரிகிறது. சஸ்பென்ஷனை மாற்றப் பெரும் பணம் செலவழிக்க நினைப்பவர்கள் யார் கேட்டாலும், முதலில் ஒரு நல்ல பிரஷர் கேஜ் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது சாக் (sag). ஓட்டும்போது போடும் ஷூ, ஹெல்மெட், தண்ணீர் நிறைத்த பை எல்லாவற்றோடும் வண்டியில் ஏறி நின்றால், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பது. என் ஃபோர்க்கின் மொத்த ஓட்டம் 140 மில்லிமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 28 மில்லிமீட்டர், சும்மா நிற்கும்போதே அமுங்க வேண்டும். பின்பக்க ஷாக்கில் கால்பங்குக்குக் கொஞ்சம் மேலே. அப்படி அமுங்கி இருந்தால்தான் சக்கரம் பள்ளத்தைத் தேடிக் கீழேயும் இறங்க முடியும். மேட்டை வாங்கிக்கொள்வது மட்டும்தான் சஸ்பென்ஷன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பாதி வேலை, சக்கரம் தரையை விட்டுப் பிரியாமல் பார்த்துக்கொள்வது.

பையில் பஞ்சர் ஒட்டும் இழைகள், கைப்பம்ப், ஒரு உபரி டியூப், செயின் கருவி, டெரெயிலர் ஹேங்கர், முதலுதவிப் பொருட்கள். ஹேங்கர் என்பது கியர் மாற்றும் டெரெயிலரைச் சட்டகத்தோடு இணைக்கும் விரல் நீளத் துண்டுதான். ஆனால் பெரும்பாலும் சட்டகத்துக்குச் சட்டகம் வடிவம் மாறும். அது வளைந்தால் இன்னொருவருடையது உதவும் என்று நம்ப முடியாது. அலாரம் வைத்தாயிற்று.

சனி காலை

வந்து சேர்ந்தாயிற்று. தோழி ஷூ மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், பாதை தொடங்கும் இடத்துப் பலகையின் முன் நின்று இதை எழுதுகிறேன்.

பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்புச் சாய்சதுரம். பனிச்சறுக்குச் சரிவுகளுக்கு இருந்த குறிகளே சைக்கிளுக்கும் வந்துவிட்டன. பச்சை அகலமாக, மெதுவாகச் சரியும். நீலத்தில் வேர், சிறு கல், வளைவுகள் சேரும். கறுப்பில் செங்குத்தான பாறை, தாவி இறங்க வேண்டிய இடங்கள். சில நாடுகளில் நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே சிவப்பு என்று ஒன்று உண்டு. ஆகவே ஒரு நாட்டின் கறுப்பும் இன்னொரு நாட்டின் கறுப்பும் ஒன்றாக இருக்காது. புது இடத்தில் நிறத்தை மட்டும் நம்பாமல் கீழே எழுதியிருப்பதையும் படிக்க வேண்டும், எந்தப் பாதை ஒருவழி, எதில் நடப்பவர்களும் வருவார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது.

திட்டம் இதுதான். ஏறும் பாதையில் உச்சிவரை போய், நீலத்தில் இறங்குவது. உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி ஏறுவது. கறுப்பைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றாள்.

சனி இரவு

வீட்டுக்கு வந்துவிட்டேன். குளித்தாயிற்று. முன்கை இரண்டும் கனத்துக் கிடக்கின்றன. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஏற்றம் கொண்டை ஊசி வளைவுகளாகப் போகிறது. என் வண்டியில் முன்னால் 32 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 51 பல். அதில் போட்டால் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது சக்கரம் முக்கால் சுற்றுகூட ஓடாது. அவ்வளவு மெதுவாகப் போகலாம், மெதுவாகத்தான் போக வேண்டும். செங்குத்து வந்ததும் இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கிக்கொண்டேன். பின்னால் உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கும், எழுந்து முன்னால் சாய்ந்தால் பின்சக்கரம் பிடியிழந்து சறுக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஏறும் கலை.

பாதி ஏறியிருப்போம். ஏறிக்கொண்டே இருந்த பாதை ஓரிடத்தில் சட்டென்று சில அடி இறங்கி மறுபடி ஏறியது. அங்கே வண்டியை நிறுத்தினாள்.

"இங்க ஏன் இறங்குது சொல்லு."

"ஏறி வர்றவங்க மூச்சு வாங்கிக்கட்டும்னா?"

"நமக்கில்லடி, தண்ணிக்கு."

அவள் சொன்னதை என் சொற்களில் எழுதுகிறேன். மழை பெய்தால் தண்ணீர் மலைச் சரிவில் நேராகக் கீழே போகப் பார்க்கும். குறுக்கே ஒரு பாதை கிடைத்தால், அது சரிவைவிடச் சுலபமான வழியாக இருந்தால், அதிலேயே திரும்பி ஓடத் தொடங்கும். ஓட ஓட வேகம் கூடும், வேகம் கூடக் கூட மண்ணை அள்ளும். அதனால் பாதை வெட்டுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பாதையின் சாய்வு, மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சரிவு 16 சதவீதம் என்றால் பாதை 8-க்குள். பாதியைத் தாண்டினால் தண்ணீருக்குப் பாதையே நேர்வழி ஆகிவிடும். மொத்தப் பாதையின் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். பாதையின் மேற்பரப்பும் மட்டமாக இருக்காது. பள்ளத்தாக்குப் பக்கம் சுமார் 5 சதவீதம் சாய்த்துத்தான் வெட்டுவார்கள், வீட்டுக் கூரையைச் சாய்த்துப் போடுவது போல. வந்த தண்ணீர் நிற்காமல், ஓடாமல், குறுக்கே கடந்து போய்விடும். இத்தனைக்குப் பிறகும் பாதையோடு சேர்ந்து ஓடி வருகிற தண்ணீருக்குத்தான் இந்தத் திடீர் இறக்கமும் ஏற்றமும். தண்ணீரால் மேடேற முடியாது. அந்தத் தாழ்விலேயே பக்கவாட்டில் வெளியேறியாக வேண்டும்.

தாழ்வின் வாயில் இலைச் சருகும் மண்ணும் அடைத்திருந்தன. ஷூவின் குதிகாலால் தள்ளி வழி ஏற்படுத்தினாள். நானும் தள்ளினேன். அரை நிமிட வேலை.

அதற்குப் பிறகு எனக்கு அந்த மலை வேறாகத் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் எங்கே போகும் என்று கண் தேடத் தொடங்கிவிட்டது.

எதிரே நடந்து வந்த இருவருக்கு ஓரமாக நின்று வழிவிட்டோம். நடப்பவர்களுக்குச் சைக்கிள் வழிவிட வேண்டும், ஏறி வரும் சைக்கிளுக்கு இறங்கி வருவது வழிவிட வேண்டும். ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி மிதித்துக் கிளம்புவது எவ்வளவு பாடு என்று ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உச்சியில் அதிக நேரம் நிற்கவில்லை. ஹேண்டில்பாரில் உள்ள விசையை அழுத்தி இருக்கையை முழுவதும் கீழே இறக்கினேன். டிராப்பர் போஸ்ட் வந்தது மலைச் சைக்கிளுக்கு நடந்த மிகப் பெரிய நல்லதுகளில் ஒன்று என்பது என் கருத்து. இருக்கை வழியை விட்டு விலகியதும் உடம்புக்கு இடம் கிடைக்கிறது, வண்டியைக் கீழே தனியாகச் சாய்க்க முடிகிறது. பெடல் இரண்டும் மட்டமாக, குதிகால் சற்றே தாழ்ந்து, இடுப்பை மடக்கி, முழங்கை வெளியே பார்க்க. எடை முழுவதும் காலில். கை வண்டிக்குத் திசை சொல்ல மட்டும்.

"என் சக்கரத்தப் பாக்காத. என்னைத் தாண்டிப் பாரு" என்று சொல்லிவிட்டு முன்னால் போனாள்.

நீலப் பாதை மேலிருந்து தொடங்கியதும் மேடும் தாழ்வுமாகத் தொடர்ந்து வந்தது. தாழ்வில் காலை அழுத்தி, மேட்டில் உடம்பை இளக்கினால், ஒரு மிதிகூட மிதிக்காமல் வேகம் கூடுகிறது. மூன்றாவதோ நான்காவதோ மேட்டில்தான் உறைத்தது, இவையும் அதே தாழ்வுகள். தண்ணீரை வெளியேற்ற வெட்டிய இடங்கள்தான் எனக்கு இவ்வளவு சந்தோஷத்தைத் தந்துகொண்டிருந்தன. வளைவுகளில் வெளிப்புறம் மண்ணைக் குவித்துச் சாய்வுச் சுவராகக் கட்டிய பெர்ம்கள். அவற்றுக்குள் நுழையும் முன்பும் ஒரு தாழ்வு இருக்கிறது, பெர்முக்குள் தண்ணீர் தேங்காமலிருக்க. ஓட்டுகிறவளுக்கு அதே தாழ்வு வேகத்தைக் கொஞ்சம் அடக்கிக் கொடுக்கிறது. பாதையை வடிவமைத்தவர்கள் மழையையும் என்னையும் ஒரே கோட்டில் யோசித்திருக்கிறார்கள்.

வளைவுகளுக்கு முன்னால் தரை வரிவரியாகப் புடைத்திருந்தது. எல்லோரும் ஒரே இடத்தில், கடைசி நொடியில் பிரேக் பிடிப்பதால் விழும் புடைப்புகள் அவை. தோழி அதற்கு வெகு முன்னாலேயே, நேர்பாதையில் பிரேக்கைப் பிடித்து, வளைவு தொடங்கியதும் விட்டுவிடுகிறாள். நானும் அப்படியே செய்யப் பார்த்தேன். ஒரே விரல், இரண்டு பிரேக்கும் சேர்த்து, மெல்ல அழுத்தி. இறக்கத்தில் எடை முன்னால் வந்துவிடுவதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குக்குத்தான். பயந்து பின்பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும். அது வேகத்தையும் சரியாகக் குறைக்காது, பாதையில் ஒரு பள்ளத்தையும் கீறிவிட்டுப் போகும். படங்களில் மண்ணைப் பறக்கவிட்டுத் திரும்புவதை வீரமாகக் காட்டுகிறார்கள். அந்த மண்ணைத் திரும்ப அள்ளிப் போடுவது யார் என்று தெரிந்தவளோடு ஓட்டும்போது அதை ரசிக்க முடியவில்லை.

அடிவாரத்தில் பிரேக் டிஸ்க்கிலிருந்து அனல் அடித்தது. தொடாதே என்று கையைத் தட்டிவிட்டாள். அப்போதுதான் ரீபேக் பற்றிப் பேச்சு வந்தது. கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில், ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்கு அருகே இருக்கும் அந்த மண்சாலையில், 1976 அக்டோபர் 21 அன்று முதல் இறக்கப் பந்தயம் நடந்தது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேலான தூரத்தில் 1,300 அடி இறக்கம். ஓட்டியது 1930-களிலும் 40-களிலும் செய்த கனமான பழைய தடித்த டயர் வண்டிகளை. பின்பக்கம் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் அந்த பிரேக் இருக்கும் பின்சக்கர ஹப்பின் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும், ஒவ்வொரு தடவையும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் 'மறுபடி அடைப்பது' என்று பொருள்படும் அந்தப் பெயர். அடுத்த ஆண்டு, அங்கே ஓட்டியவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் இந்த ஓட்டத்துக்கென்றே புதிதாக ஒரு சட்டகம் செய்தார். 1990-ல் அமெரிக்காவின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன்ஷிப், 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக். பழைய கிரீஸ் புகையிலிருந்து ஒலிம்பிக்வரை இருபதே ஆண்டுகள்.

தோழிக்கு அந்தக் கூட்டத்தில் பிடித்தவர் வெண்டி கிராக். ஆண்களோடு சேர்ந்து அதே மலையில் ஓட்டினார், ஓட்டிக்கொண்டே படமும் எடுத்தார். அந்தக் காலத்தை இன்று நாம் பார்க்க முடிவதில் அவர் கேமராவுக்குப் பெரிய பங்கு உண்டு. "அவங்க படம் எடுக்கலன்னா அங்க ஒரு பொண்ணு இருந்தாங்கறதே நமக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இரண்டாவது ஏற்றம் பற்றி எழுத ஒன்றுமில்லை. வெயில் ஏறியிருந்தது, ஏறினோம்.

இம்முறை நீலத்தின் வேறொரு கிளை. நடுவில் ஒரு பாறைத் திட்டு, தலையளவு கற்கள் முப்பதடி தூரத்துக்கு இறைந்து கிடக்கும் இடம். வண்டியை ஓரத்தில் சாய்த்துவிட்டு இருவரும் நடந்தே மேலிருந்து கீழாகப் பார்த்தோம், பிறகு கீழிருந்து மேலாக. எங்கே நுழைவது, எங்கே வெளியேறுவது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளச் சொன்னாள். நடுவில் இருக்கும் ஒவ்வொரு கல்லையும் கணக்குப் போட்டால் கண் அதிலேயே சிக்கிக்கொள்ளும். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டியும் போகும். வேகம் முக்கியம் என்றாள், அதிகம் வேண்டாம், ஆனால் கற்களுக்கிடையே நிற்காத அளவுக்கு. மெதுவாகப் போனால் ஒவ்வொரு இடுக்கிலும் சக்கரம் உட்காரும்.

அவள் முதலில் போனாள். பிறகு நான். வெளியேறும் இடத்தில் நின்ற ஒரு மரத்தைப் பார்த்தபடியே நுழைந்தேன். கீழே வண்டி தடதடவென்று ஆடியது, நான் ஆடவில்லை. முடிந்துவிட்டது என்று தெரிவதற்குள் முடிந்துவிட்டது. "ஏய்!" என்று அவள் போட்ட சத்தம் காடு முழுக்கக் கேட்டிருக்கும்.

அடுத்த திருப்பத்திலேயே என் பின்டயரிலிருந்து புஸ்ஸென்று சீலன்ட் திரவம் பீய்ச்சியது. கூரான கல் கீறியிருந்தது. ஊசி ஓட்டை என்றால் உள்ளே இருக்கும் திரவமே அடைத்துவிடும். இது கொஞ்சம் பெரியது. சக்கரத்தைச் சுற்றி ஓட்டையைக் கீழே கொண்டுவந்தோம், சீலன்ட் அங்கே தேங்கட்டும் என்று. ரப்பர் பிசின் இழையை ஊசியில் கோத்து உள்ளே திணித்து, வெளியே சிறு வால் இருக்கும்படி விட்டு, ஊசியை வெடுக்கென்று உருவினாள். பம்ப் அடித்தோம், நின்றது. டியூபை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

கீழ்ப்பகுதியில் பார்த்தது மட்டும் மனதை வருத்தியது. ஒரு கொண்டை ஊசி வளைவில், சுற்றிப் போகப் பொறுமை இல்லாமல், உள்பக்கமாக நேராக வெட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். பல பேர், பல நாளாக. சரிவுக்கு நேர் கீழாக விழுந்த அந்தத் தடத்தில் தண்ணீர் புகுந்து முழங்கால் ஆழத்துக்கு அரித்திருந்தது. ஒரு மரத்தின் வேர் அந்தரத்தில் தொங்கியது. மேலே வெட்டும்போது போட்ட பாதி, பத்து, ஐந்து கணக்கெல்லாம் இந்த ஒரு குறுக்குவழியில் செல்லாமல் போய்விட்டது. ஓட்ட நேரத்தைக் கணக்கிடும் செயலியில் சில நொடி குறைத்துக் காட்டுவதற்காகத்தான் இது நடக்கிறது என்று தோழி நம்புகிறாள். காரணம் எதுவானாலும், மிச்சம் பிடித்த நொடிகளுக்கு மலை கொடுத்த விலை கண்முன்னால் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, பராமரிப்புக் குழுவுக்கு அனுப்பினாள்.

மாலையில் கறுப்புப் பாதையின் முதல் பாறையை அவள் இறங்கினாள், மேல் விளிம்பில் ஒரு கணம் தெரிந்து, மறைந்து, கீழே சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து மண்ணைத் தொட்ட சத்தம். நான் பக்கத்து நீலத்தில் சுற்றி வந்து சேர்ந்துகொண்டேன். களைத்த கையோடு இறங்கும் இடமில்லை அது. அவளும் வா என்று கூப்பிடவில்லை, அதற்காகவே அவளோடு போகப் பிடிக்கிறது.

கடைசி இறக்கத்தில் என்னை முன்னால் விட்டாள். பிரேக்கை எண்ணாமல், மேடு தாழ்வுகளை மட்டும் காலால் கேட்டுக்கொண்டு வந்தேன். புடைப்புகளுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பெர்மில் விட்டுவிட்டு. பின்னாலிருந்து அவள் டயர் சத்தம் ஒரே தூரத்தில் தொடர்ந்து வந்தது. காலையில் இருந்த இடைவெளி இல்லை.

ஞாயிறு

கை கனம் பாதி இறங்கிவிட்டது. உள்ளங்கையில் ஒரு கொப்புளம்.

காலையில் வண்டியைக் கழுவினேன். அழுத்தமான தண்ணீர் அடிக்கும் கருவியை பேரிங் பக்கம் கொண்டு போகவே கூடாது, கிரீஸை வெளியேற்றிவிடும். வாளியும் பிரஷும் போதும். ஃபோர்க் தண்டைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மிச்ச எண்ணெயைத் துணியால் எடுத்தேன். பின்டயரில் அந்த இழை இன்னும் கெட்டியாக இருக்கிறது. காற்று ஒரு பிஎஸ்ஐகூட இறங்கவில்லை. ஆனாலும் டயரைக் கழற்றி உள்பக்கம் பேட்ச் போடப் போகிறேன். முன்பிரேக்கின் பேட் தேய்ந்து ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது, அதையும் மாற்ற வேண்டும்.

மதியம் தோழி அழைத்தாள். அந்தக் குறுக்குவழியை அடைக்க அடுத்த மாதம் ஆள் சேர்க்கிறார்களாம். அரித்த பள்ளத்தில் குறுக்கே கல் வரிசை வைத்து மண்ணைத் தேக்கி, மேலே பட்ட கிளைகளைப் போட்டு மூடி, வளைவின் உள்பக்கம் ஒரு பெரிய பாறையை உருட்டி வைப்பதுதான் வேலை. வெட்ட நினைக்கிறவர்களுக்கு வழியே தெரியக் கூடாது.

"வர்றியா?"

"வர்றேன். எனக்கு என்ன வேலை தருவீங்க?"

"முதல்ல மக்லியோட் தர்றேன்." ஒரு பக்கம் அகலமான வெட்டும் தகடு, மறுபக்கம் தடித்த பல் வரிசை உள்ள கருவி. பல் பக்கத்தால் மண்ணைச் சீவி, தகட்டால் தட்டிச் சமன் செய்ய வேண்டும், வெளிச்சாய்வு சரியாக வரும்வரை. "சைக்கிள் கையுறைய எடுத்துட்டு வராத, ஒரு மணி நேரத்துல கிழிஞ்சிடும். தோல் கையுறை வாங்கிக்க."

கொப்புளம் ஆறியதும் போய் அளவு பார்த்து வாங்க வேண்டும்.